வெறும் நாற்காலிகளும் ஒரு வளவும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் சென்ற வாரம் வெளியான நாடகக் கட்டுரையைப் படித்தேன். அபத்த நாடகம் என்பது ஒன்றுமில்லாததை ஒன்றரை மணி நேரம் பேசுவது என்றும், அது போர் முடிந்த ஐரோப்பாவின் விரக்தி, நமக்கு அதில் வேலையில்லை என்றும், அதை இங்கே கொண்டுவந்து மேடையேற்றியவர்களால்தான் தமிழ் நாடகம் பார்வையாளரை இழந்தது என்றும் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். முப்பத்தோராண்டுகள் பள்ளியில் தமிழ் கற்பித்தவன், ஓய்வுபெற்ற பின்னும் காரைக்குடி சுற்றுவட்டாரத்தில் எங்கே நாடகம் நடந்தாலும் பேருந்து பிடித்துப் போகிறவன் என்ற முறையில் எனக்கு இந்த மூன்றிலும் உடன்பாடில்லை. மூன்றாவது குற்றச்சாட்டைக் காலக் கணக்கே தள்ளுபடி செய்துவிடும் என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன்.

எங்கள் தேவகோட்டை ரஸ்தாவில் கொட்டகை போட்டு ஸ்டுடியோ நடத்திய ஏவி. மெய்யப்பச் செட்டியார், மேடையில் நன்றாக ஓடிய ப. நீலகண்டனின் நாடகம் ஒன்றைப் படமாக்கி, ‘நாம் இருவர்’ என்ற பெயரில் 1947இல் வெளியிட்டார். நாடகக் கொட்டகையிலிருந்த கூட்டம் சினிமாக் கொட்டகைக்கு இடம் மாறியதற்கு இதைவிட நல்ல சாட்சி எங்கள் பகுதியில் கிடையாது. அந்த ஆண்டில், அபத்த நாடகம் என்றதும் முதலில் நினைவுக்கு வரும் நாடகாசிரியர் சாமுவேல் பெக்கெட் தம் ‘கோடோவுக்காகக் காத்திருத்தல்’ நாடகத்தை எழுதத் தொடங்கியிருக்கவே இல்லை. அவர் அதை எழுதியது 1948க்கும் 1949க்கும் இடையில், அது பாரிஸில் சின்னதொரு அரங்கில் முதன்முதலாக மேடையேறியது 1953 ஜனவரி 5ஆம் நாள். தமிழில் இந்தப் பாணியை நெருங்கி வந்த முதல் எழுத்துகளில் ஒன்றான நாடகாசிரியர் ந. முத்துசாமியின் ‘காலம் காலமாக’ 1960களின் இறுதியில்தான் ‘நடை’ இதழில் அச்சேறியது. களவு போய் இருபதாண்டுகள் கழித்து ஊருக்குள் வந்தவனைப் பிடித்துக் கட்டிவைத்துத் திருடன் என்பது என்ன நியாயம்?

அபத்த நாடகம் 1961இல் தோன்றியதாகவும் கட்டுரை சொல்கிறது. 1961இல் தோன்றியது அந்தப் பெயரைப் பரப்பிய புத்தகம்தான். ஹங்கேரியில் பிறந்து பிரிட்டனில் குடியேறி, பி.பி.சி. வானொலியில் பணியாற்றிய மார்ட்டின் எஸ்லின் எழுதியது. அதற்குள் பாரிஸில் எழுதிவந்த அயனெஸ்கோவின் ‘வழுக்கைப் பாடகி’ நாடகம் வெளிவந்து பதினோராண்டுகள் ஆகியிருந்தன. பெக்கெட், அயனெஸ்கோ, அதமோவ், ஜெனே ஆகியோர் ஒன்றுகூடிக் கொள்கை அறிக்கை எதுவும் வெளியிடவில்லை. பாரிஸில் தனித்தனியே எழுதிக்கொண்டிருந்தவர்களுக்குப் பிறகு வைத்த பொதுப் பெயர் அது. பெயரைப் பற்றி ஒரு தமிழாசிரியனாக இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். நாம் ‘அபத்தம்’ என்று மொழிபெயர்த்துவிட்டோம். அந்தச் சொல்லைக் கேட்டதும் நம் மனத்தில் எழுவது பிழை, பொய், உளறல் என்பதே. கட்டுரையாளரின் கோபத்தில் பாதி இந்த மொழிபெயர்ப்பின் மீதான கோபம் என்று நினைக்கிறேன். மூலமான லத்தீன் சொல் இசையோடு தொடர்புடையது. சுருதி சேராதது என்று பொருள். அப்படிப் பார்த்தால் ‘அபசுரம்’ என்பதே அதற்கு நேரான சொல், இலங்கையில் நா. சுந்தரலிங்கம் தம் நாடகத்துக்கு அந்தப் பெயரைத்தான் சூட்டினார். சுருதி தெரிந்தவன் மட்டுமே அபசுரத்தை அபசுரம் என்று அறிவான். கேட்கிறவர் காதில் சுருதி இருக்கிறது என்று நம்பி எழுதப்பட்ட நாடகங்கள் இவை.

‘வழுக்கைப் பாடகி’ பிறந்த கதையே வேடிக்கையானது. அயனெஸ்கோ ஆங்கிலம் கற்றுக்கொள்ள ஒரு பாடப் புத்தகத்தை வாங்கி, அதிலிருந்த வாக்கியங்களை மனப்பாடம் செய்வதற்காக எழுதி எழுதிப் பார்த்திருக்கிறார். வாரத்துக்கு ஏழு நாள், கூரை மேலே இருக்கிறது, தரை கீழே இருக்கிறது என்று ஒரு கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் தெரிவித்துக்கொள்ளும் வாக்கியங்கள் அவை. அதைப் பார்த்தவருக்கு நாமெல்லாருமே இப்படித்தானே பேசிக்கொண்டிருக்கிறோம் என்ற திகில் உண்டாயிற்று, நாடகமும் உண்டாயிற்று. அதில் மார்ட்டின் தம்பதியர் அந்நியர்களைப் போல எதிரெதிரே உட்கார்ந்து, தாங்கள் ஒரே ஊரிலிருந்து ஒரே ரயிலில் வந்ததையும், ஒரே தெருவில் ஒரே வீட்டில் குடியிருப்பதையும், ஒரே கட்டிலில் படுப்பதையும் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து, ஆகவே நாம் கணவன் மனைவியாகத்தான் இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வருகிறார்கள். இந்தக் காட்சி எங்கள் பக்கத்து மனிதர் எவருக்கும் அந்நியமாகத் தோன்றாது. கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் எந்த ஊர், எந்தக் கோயில், எந்த வீடு, யார் மகன் என்று விசாரித்துக்கொண்டே வந்து, பாயசம் பரிமாறும் நேரத்தில் நீங்கள் எனக்குப் பங்காளி முறை என்று கண்டுபிடிப்பதை நான் எத்தனையோ முறை கண்டிருக்கிறேன். அயனெஸ்கோ அந்த விசாரணையை இன்னும் இரண்டு கேள்வி நீட்டினார், அவ்வளவுதான்.

பெக்கெட்டின் இரண்டு நாடோடிகளும் அப்படியே. தொப்பியை மாற்றி மாற்றிப் போடுவதும், செருப்பைக் கழற்ற முடியாமல் திண்டாடுவதும், ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டுவதும் சர்க்கஸ் கோமாளிகளிடமிருந்தும் மௌனப் படங்களிலிருந்தும் அவர் எடுத்துக்கொண்டவை. எங்கள் பக்கத்துக் கோயில் திருவிழாக்களில் சங்கரதாஸ் சுவாமிகளின் ‘வள்ளி திருமணம்’ இன்றைக்கும் விடிய விடிய நடக்கிறது. அந்த ஸ்பெஷல் நாடகத்துக்கு ஒத்திகை கிடையாது. மதுரையிலிருந்து ஒருவர், புதுக்கோட்டையிலிருந்து ஒருவர் என்று தனித்தனியே பேசிவிட்ட நடிகர்கள் மேடைக்கு வந்த பிறகுதான் அன்றைய ஜோடி யார் என்பதையே பார்க்கிறார்கள். வேலனும் வள்ளியும் வருவதற்குப் பல நாழிகை முன்பே பபூன் வந்துவிடுவார். அவருக்குக் கதையில் வேலை எதுவும் இல்லை. பெட்ரோமாக்ஸ் காலத்திலிருந்து இன்றைய குழல்விளக்குக் காலம் வரை, ஒரு மணி நேரம் ஒன்றுமே நடக்காமல் அவர் பேசிக்கொண்டிருப்பதை ஊரே உட்கார்ந்து கேட்கிறது. அந்தக் கூட்டத்தைப் பார்த்து, கதையில்லாத பேச்சு தமிழனுக்கு ஒத்துவராது என்று சொல்ல முடியுமா?

நவீன நாடகத்துக்கு இவர்களால் என்ன வந்தது என்று கட்டுரையாளர் கேட்கிறார். ஹெரால்ட் பின்டரின் நாடகங்களில் இரண்டு வசனங்களுக்கு நடுவே வரும் மௌனத்துக்கு வசனத்தைவிடக் கனம் கூடியது இந்த வழியில்தான். செக் நாட்டில் வாக்லாவ் ஹவேல் அலுவலகக் குறிப்புகளுக்கென்றே ஒரு செயற்கை மொழியைப் புகுத்தி, அதைப் புகுத்திய அலுவலகத்திலேயே ஒருவருக்கும் அது புரியாமல் திண்டாடுவதை 1965இல் மேடையேற்றினார். அரசாங்கத்தை நேராகத் திட்ட முடியாத நாட்டில் சிரிக்க வைத்தே காட்டிக்கொடுப்பதற்கு இந்தப் பாணி பயன்பட்டது. நம் நாட்டில் பாதல் சர்க்கார் 1963இல் வங்காளத்தில் எழுதிய ‘ஏவம் இந்திரஜித்’ நாடகத்தில், எழுதக் கதை அகப்படாத எழுத்தாளன் ஒருவன் அமல், விமல், கமல் என்று அச்சுவார்த்தது போன்ற ஆட்களுக்கு நடுவே இந்திரஜித் என்ற ஒருவனைத் தேடிப் பிடிக்கிறான். வேலைக்கான நேர்காணல் வரிசையில் நின்ற எந்தப் பட்டதாரிக்கும் அது ஐரோப்பிய விரக்தியாகத் தெரிந்திருக்காது.

தமிழில் நடந்தது இன்னும் சுவையானது, கட்டுரை அதைத் தொடவே இல்லை. 1974இல் ‘நாற்காலிக்காரர்’ நூலாக வந்தபோது முத்துசாமியை மேல்நாட்டுப் பாணி அபத்த நாடகக்காரர் என்றே பலரும் பேசினார்கள். அதே முத்துசாமிதான் புரிசை கண்ணப்பத் தம்பிரானின் தெருக்கூத்தைப் பார்த்து அதன் பின்னாலேயே போனார். 1977இல் அவருடைய கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழு தோன்றியது. தெருக்கூத்தே நம் தியேட்டர் என்று வாதாடி எழுதினார். இதை மனமாற்றம் என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அது ஒரே பாதையின் அடுத்த மைல்கல்லாகவே படுகிறது. சோபாவும் தொலைபேசியும் போட்ட வரவேற்பறையைப் பெட்டிபோல் மூன்று பக்கம் அடைத்துக் காட்டி, இது மேடையல்ல, வீடு என்று சாதிக்கும் சபா நாடகத்திலிருந்து வெளியே வர அவருக்கு ஒரு கதவு தேவைப்பட்டது. அபத்த நாடகம் அந்தக் கதவைத் திறந்துவிட்டது. வெளியே வந்து பார்த்தால், திரையைப் பிடித்துக்கொண்டு, தெருக்கூத்தில் கதையை அறிவித்துச் சிரிக்கவும் வைக்கும் கட்டியங்காரன் பல தலைமுறையாக அங்கேதான் நின்றுகொண்டிருந்தான்.

கட்டுரையாளர் பக்கம் ஒரு நியாயமும் உண்டு, அதை மறைக்க மாட்டேன். கடந்த முப்பதாண்டுகளில் நான் பார்த்த நவீன நாடகங்களில் கணிசமானவை மிக மோசமானவை. உடம்பை முறுக்கிக்கொண்டு தரையில் உருள்வது, காரணமில்லாமல் கூவுவது, சாக்குப் பையை மாட்டிக்கொண்டு பார்வையாளரை முறைப்பது, கேட்டால் அபத்தம் என்று பதில் சொல்வது. எழுந்து போன பார்வையாளரை நான் குறை சொல்ல மாட்டேன். நானே பாதியில் எழுந்து போயிருக்கிறேன், அதுவும் கடைசிப் பேருந்தைச் சாக்காகச் சொல்லி. ஆனால் இந்தத் தவற்றுக்குப் பெக்கெட் பொறுப்பாக மாட்டார். எத்தனை அடி நடக்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று கணக்கெழுதி வைத்த மனிதர் அவர். 1975இல் பெர்லினில் கோடோவைத் தாமே இயக்கியபோது அசைவுகளைக் குறிப்பேட்டில் வரைந்து வைத்திருந்தார். 1984இல் அமெரிக்காவில் ஒரு குழு அவருடைய ‘ஆட்ட முடிவு’ நாடகத்தைப் பாழடைந்த சுரங்க ரயில் நிலையத்தில் நடப்பதாகக் காட்டியபோது, என் குறிப்பில் இருப்பது வெற்று அறை என்று மறுப்பு எழுதி, அதை நிகழ்ச்சித் தாளிலேயே அச்சிட வைத்தார். பொருளற்ற உலகத்தைக் காட்டுவதற்கு அவ்வளவு கறாரான இலக்கணம் அவருக்குத் தேவைப்பட்டது. நம்மவர்கள் குழப்பத்தை மட்டும் வாங்கிக்கொண்டு இலக்கணத்தைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்தார்கள்.

இனி, நமக்கு அதில் வேலையில்லை என்ற வாதத்துக்கு வருகிறேன். இதற்கு என்னிடம் இருப்பது கண்ணால் கண்ட ஒரு மாலை மட்டுமே.

சென்ற ஐப்பசியில் இப்பகுதிக் கல்லூரி மாணவர்கள் சிலர், 1952இல் மேடையேறிய அயனெஸ்கோவின் ‘நாற்காலிகள்’ நாடகத்தை அடியொற்றித் தாங்களே எழுதிய நாற்பது நிமிட நாடகம் ஒன்றை நடத்தினார்கள். மூலநாடகத்தில், நாலாபுறமும் தண்ணீர் சூழ்ந்த வீட்டில் தொண்ணூறைத் தாண்டிய கிழவனும் கிழவியும் இருக்கிறார்கள். கிழவன் தன் வாழ்நாள் செய்தியை உலகத்துக்குச் சொல்ல ஊரையே அழைத்திருக்கிறான். விருந்தாளிகள் வந்துகொண்டே இருக்கிறார்கள், ஒருவரும் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. கிழவி நாற்காலிகளைத் தூக்கி வந்து போட்டுக்கொண்டே இருக்கிறாள். கடைசியில் செய்தியைச் சொல்ல வரும் பேச்சாளன் பேச்சும் கேள்வியும் இல்லாதவன். (மேடைப் பேச்சுக்குப் பேர்போன எங்கள் ஊரில் இந்த இடத்தில் எழுந்த சிரிப்பில் கொஞ்சம் மனஸ்தாபமும் கலந்திருந்தது.) இந்த நாடகத்தின் கருப்பொருள் கிழவனின் செய்தியோ அவன் வாழ்க்கைத் தோல்வியோ அல்ல, அந்த நாற்காலிகளே, அதாவது அங்கே ஆள் இல்லாமையே என்று அயனெஸ்கோ தம் இயக்குநருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார்.

மாணவர்கள் முதலில் இங்குள்ள ஒரு நிறுவனத்தின் அரங்கைத்தான் கேட்டார்கள். கதைச் சுருக்கமும் நாடகம் உணர்த்தும் நீதியும் ஒரு பக்க அளவில் எழுதித் தரும்படி அங்கே கேட்கப்பட்டது. பிள்ளைகள் மூன்று நாள் முயன்று பார்த்து, முடியாமல் விட்டுவிட்டார்கள். பிறகுதான் கானாடுகாத்தானை அடுத்த ஓர் ஊரில், பூட்டிக் கிடந்த பெரிய வீடு ஒன்றின் வளவு கிடைத்தது. பார்த்துக்கொள்வதற்கு ஓர் ஆச்சி மட்டும் அங்கே இருக்கிறார். பர்மாத் தேக்குத் தூண்கள், சுற்றுத் தாழ்வாரம், நடுவே வானம் பார்த்த முற்றம். தாழ்வாரத்தைச் சுற்றியுள்ள அறைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு புள்ளிக்கு, அதாவது மணமான ஒவ்வொரு தம்பதியின் குடும்பத்துக்கு, உரியவை. சாவிகள் சென்னையிலும் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கின்றன. நாடகத்துக்கு எட்டுக் கதவுகள் வேண்டும், திறக்க முடிந்தது மூன்று. அன்று மத்தியானம் பெய்த மழையில், பல நாள் தூர் எடுக்காத நீர்த்தாரை அடைத்துக்கொண்டு, முற்றத்தில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றுவிட்டது. தண்ணீருக்கு இந்தப்பக்கத் தாழ்வாரத்தில் நாங்கள் முப்பது பேர், அந்தப்பக்கம் நடிகர்கள். தண்ணீர் சூழ்ந்த வீட்டுக்கு வேறு ஏற்பாடு தேவைப்படவில்லை.

நாற்காலிகள் அந்த வீட்டினுடையவையே. கல்யாணங்களுக்கென்று வாங்கி, சாமான் அறையில் அடுக்கி வைத்திருந்தவை. பாத்திரங்களில் பெயரெழுத்து வெட்டுவதுபோல, அவற்றின் அடிப்பலகையிலும் ஒவ்வொரு புள்ளியின் விலாசமும் வெள்ளைச் சாயத்தில் எழுதப்பட்டிருந்தது. கிழவியாக நடித்த பெண் நாற்காலிகளைத் தலைகீழாகத் தூக்கி வந்ததால் ஒவ்வொரு முறையும் அந்த எழுத்துகள் எங்கள் பக்கம் திரும்பின. ஐந்தாவதோ ஆறாவதோ நாற்காலி வந்தபோது, தூணோரம் உட்கார்ந்திருந்த ஆச்சி சற்று உரக்கவே சொன்னார்: “அது மூத்தவுக நாற்காலி. முன்னால போடுங்க, அவுகளுக்குக் காது கேக்காது.” அந்தப் பெண் ஒரு கணம் திகைத்து, நாற்காலியை முன்வரிசைக்குக் கொண்டுவந்து போட்டாள். அதற்குப் பின் ஒவ்வொரு நாற்காலிக்கும் ஆச்சி இடம் சொன்னார். இது ரங்கூனிலிருந்து வந்தவுக, இது தவறிப்போன சின்னவுக, இவுகளையும் அவுகளையும் பக்கத்தில் உட்கார வைக்காதீக, பேச்சுவார்த்தை இல்லை. மாணவர்கள் எழுதி வைத்திருந்த வசனத்தில் பாதியை விட்டுவிட்டு ஆச்சி சொன்னபடி நாற்காலி போட்டார்கள். நான் பார்த்த நாடகங்களில் இதைப்போல இன்னொன்று இல்லை.

ஆச்சிக்கு அயனெஸ்கோவும் தெரியாது, எஸ்லினும் தெரியாது. கடல் கடந்து கொண்டுவிற்கப் போன ஆண்கள் மூன்றாண்டுக்கொரு முறை கப்பலில் திரும்பிவந்த காலத்தின் கடைசிப் பெண்களிடம் வளர்ந்தவர் அவர். 1942இல் ஜப்பானியர் பர்மாவுக்குள் புகுந்தபோது கடிதங்கள் நின்றுபோன வீடுகளில் இதுவும் ஒன்று. கோடோவில் இரண்டு அங்கங்களின் முடிவிலும் ஒரு சிறுவன் வந்து, இன்று வரமாட்டார், நாளை நிச்சயம் வருவார் என்று சொல்லிவிட்டுப் போகிறான்; அந்தச் செய்தியைத் தபால்காரரிடம் ஆண்டுக்கணக்கில் வாங்கிக்கொண்டிருந்த ஊர் இது. 1957 நவம்பரில் கலிபோர்னியாவின் சான் குவென்டின் சிறையில் ஏறத்தாழ 1,400 கைதிகள் முன்னால் கோடோவை நடித்தபோது, படித்த பார்வையாளரையே குழப்பிய நாடகம் இவர்களுக்கு எப்படிப் பிடிபடும் என்று நடிகர்கள் நடுங்கினார்களாம்; கைதிகளுக்கு அது உடனே பிடிபட்டுவிட்டது. எஸ்லின் தம் புத்தகத்தையே அந்த நிகழ்ச்சியிலிருந்துதான் தொடங்குகிறார். காத்திருந்து பழகியவர்களுக்கு அதைப் பற்றி விளக்கவுரை தேவைப்படுவதில்லை.

தங்களிடம் இரண்டு விண்ணப்பங்கள். அபத்த நாடகம் 1961இல் தோன்றியது என்ற பிழைக்கு ஒரு திருத்தம் வெளியிட வேண்டும். மற்றொன்று, சென்னைச் சபாக்களில் நடப்பவற்றுக்கு மட்டுமன்றி இப்படிச் சிற்றூர்களில் நடக்கும் நாடகங்களுக்கும் தங்கள் நிருபர் ஒருவரை அனுப்பி, நன்றாக இல்லையென்றால் நன்றாக இல்லை என்றே எழுத வைக்க வேண்டும்.

மாணவர்கள் வரும் தை மாதத்தில் அதே வளவில் மீண்டும் நடத்த எண்ணியிருக்கிறார்கள். நீர்த்தாரையைத் தூர் எடுக்க வேண்டாம் என்றும் தீர்மானித்திருக்கிறார்கள். மற்ற ஐந்து கதவுகளின் சாவிகளை வைத்திருப்பவர்கள் வெளியூரிலிருந்து இந்த நாளிதழைப் படிக்கக்கூடும் என்பதால், பொங்கலுக்கு வரும்போது அவற்றை மறவாமல் கொண்டுவருமாறு இந்தக் கடிதத்தின் வாயிலாகவே கேட்டுக்கொள்கிறேன். அவர்களுக்கான நாற்காலிகள் எங்கே போடப்படும் என்பதை ஆச்சி சொல்வார்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
காரைக்குடி.